காற்றை அளக்கும் சொல்

கொத்தினால் அரிசியை அளப்பர் நம்மவர். காற்றை அங்ஙனம் அளத்தல் ஆகுமோ? கடற்கரையில் ஒரு லீற்றர் கொள்ளும் காற்று, வெப்பநிலை மாறாதிருப்பின், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் சற்றே விரியும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஒன்றேகால் லீற்றரளவாகிவிடும். பருமன் மாறினும் திணிவு மாறுவதில்லை.

ஆதலின் ஆலைகளில் வாயுவின் திணிவையே அளந்து செலுத்தும் கருவியை நாடுவர். ஒருவகையில், மெல்லிய குழாயொன்றைச் சூடேற்றுவர். ஊடு செல்லும் வாயு வெப்பத்தைச் சுமந்தேகும். குழாயின் முன்னும் பின்னும் காணும் வெப்பநிலை வேறுபாடு பாய்ச்சலை உணர்த்தும். பொருத்துவோன் அம்புக்குறியை வாயு செல்லும் திசைக்கு நேராக்கி, கசிவு பார்த்து, கருவி சூடேறி நிலைபெறும்வரை பொறுத்து, இருபுற வால்வுகளையும் மூடிய பின்னரே பூச்சியம் அமைத்தல் வேண்டும். நைதரசனுக்கு அளவு திருத்திய கருவியில் ஈலியத்தைச் செலுத்தினால், திருத்தக் காரணியின்றி எண் பொய்க்கும்.

இதனைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது? இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்பதைத் தமிழகத்தார் நிறை என்பர். நம் மாணவர்க்கோ நிறை என்பது புவியீர்ப்பால் உண்டாகும் விசை. (தமிழகத்தார்க்கு அது எடை.) ‘நிறைப் பாய்வுமானி’ என்று ஒரு கையேடு கூறின், நம் பயிலுநன் ஏதோ தராசென்று மயங்கக்கூடும். திணிவுப் பாய்ச்சல்மானி என்பதே என் துணிபு. தமிழக நூல்கொண்டு கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரு வழக்கையும் முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிடுக.