அத்தை விழுந்த நாற்காலி: சிக்கல் இல்லாத பிளாஸ்டிக் ஏன் உடையுது?

இந்த எபிசோட் ஒரு விபத்துல இருந்து ஆரம்பிக்குது. ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி, திருத்தணி மலையடிவாரத்துல பூக்கடை வெச்சிருக்கற எங்க அத்தை கீழே விழுந்துட்டாங்க. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோட பின்கால் பிளந்துடுச்சு. வளையல, நெளியல. ‘பட்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கட்டு. வருஷத்துலயே பெரிய வியாபாரம் கையை விட்டுப் போச்சு. அத்தை ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாங்க.

அதே கடைக்குள்ள நிழல்ல கிடக்கற பழைய நாற்காலி இன்னும் நல்லா இருக்கு. வாசல் வெயில்ல கிடந்த புதுசுதான் உடைஞ்சது. ஏன்னு பார்க்கலாம்.

திருத்தணியில மொட்டை அடிக்கற இடத்தைப் பார்த்திருப்பீங்க. அங்க விழுந்து கிடக்கற நீள முடியில ஒரு பிடி எடுத்து இழுங்க, பாதிக் குவியல் கூடவே வரும். ஒருத்தரும் முடிச்சுப் போடல, பசை தடவல. வெறும் சிக்கு. இப்போ சலூன் தரையில கிடக்கற துண்டு முடியை எடுங்க. விரல் இடுக்குல உதிர்ந்துடும். ரெண்டும் முடிதான், நீளம்தான் வேற.

பிளாஸ்டிக்கும் இப்படித்தான். மெழுகுவத்தி மெழுகும் பாலித்தீனும் ஏறக்குறைய ஒரே வேதியியல்: கார்பன் சங்கிலி, சுத்தி ஹைட்ரஜன். மெழுகுல ஒரு சங்கிலிக்கு 20 முதல் 40 கார்பன், பாலித்தீன்ல ஆயிரக்கணக்கில். மெழுகை வளைச்சா முறியும், பாலித்தீன் இழுபடும். நாற்காலி செய்யற பாலிப்ரொப்பிலீனும் அதே குடும்பம். அதுக்குள்ள சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும். ஒரு படிகத்தையும் அடுத்ததையும் பிடிச்சு வெச்சிருக்கறது நடுவுல ஓடற நீளமான சங்கிலிகளும் அதுங்களோட சிக்கும்தான். ஒரு கீறல் விழுந்தா, அது விரியாம இழுத்துப் பிடிக்கறதும் இவைதான். சங்கிலி குட்டையா இருந்தா வழுக்கி வெளியே வந்துடும், கீறல் ஓடிடும்.

அப்போ சங்கிலியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீளமா செஞ்சுட வேண்டியதுதானே? அங்கதான் தொழிற்சாலைக்காரங்களுக்குத் தலைவலி. உருகின பிளாஸ்டிக்ல ஒரு சங்கிலி பக்கவாட்டுல நகர முடியாது, மத்த சங்கிலிங்க வழியை அடைச்சுட்டு நிக்கும். தன் நீளத்தோட போக்குல பாம்பு மாதிரி ஊர்ந்துதான் வெளியே வரணும். பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் 1971-ல சொன்ன கருத்து இது. 1991-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. பரிசோதனையில தெரியறது என்னன்னா, சிக்கு விழற அளவுக்கு நீளம் வந்துட்டா, பாகுநிலை நீளத்தோட 3.4-ஆவது அடுக்குல ஏறும். நீளம் ரெண்டு மடங்கானா, உருகின பிளாஸ்டிக் பத்து மடங்குக்கும் மேல கெட்டியா ஓடும். அதை நாற்காலி அச்சுக்குள்ள தள்ள அதிக அழுத்தம், அதிக சூடு, அதிக நேரம் வேணும். கரண்ட் பில் ஏறும்.

அதனால குருணை வாங்கும்போது பார்க்கற முதல் எண் ‘மெல்ட் ஃப்ளோ’. பாலிப்ரொப்பிலீனை 230 டிகிரியில உருக்கி, 2.16 கிலோ எடை வெச்சு அழுத்தினா, சின்னத் துளை வழியா பத்து நிமிஷத்துல எத்தனை கிராம் வருதுன்னு பார்ப்பாங்க. எண் பெருசுன்னா சங்கிலி குட்டை, அச்சு சீக்கிரம் நிரம்பும். சில வேலைக்கு இதுவே வேணும். முகக்கவசத்துக்கான மெல்லிய இழைக்கு, பெராக்சைடு போட்டு வேணும்னே சங்கிலியை வெட்டுவாங்க.

டயர் ஆலைகள்லயும் இந்தக் கதை உண்டு. திருத்தணிக்குப் பக்கத்துல அரக்கோணத்துல ஒண்ணு இருக்கே, எம்.ஆர்.எஃப். இயற்கை ரப்பர் சங்கிலி ரொம்ப நீளம். அப்படியே எதோடயும் கலக்காது. 1820-லயே லண்டன்ல தாமஸ் ஹான்காக் பல்லு வெச்ச உருளைக்குள்ள போட்டு ரப்பரைக் கடிச்சு மெல்ல வெச்சார்; சங்கிலி அறுபட்டு ரப்பர் இளகிடுச்சு. ஆனா டயருக்கு அடுத்து கந்தகம் சேர்த்து சங்கிலிகளுக்கு நடுவுல நிரந்தரப் பாலம் போடறாங்க. இழந்த பலம் திரும்பி வந்துடுது.

நாற்காலிக்கு அந்த ரெண்டாவது படி கிடையாது. பழைய பாலிப்ரொப்பிலீனை ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சூடும் ஆக்சிஜனும் கடைசலும் சேர்ந்து சங்கிலியை அறுக்கும். நல்ல பதப்படுத்திகள் சேர்த்தா குறையும்; அதுக்குக் காசு ஆகும். இதுல கொடுமை என்னன்னா, அறுபட்ட சரக்கு அச்சுல இன்னும் அழகா ஓடும். வெளியே வரும்போது பளபளன்னு இருக்கும். எடையும் நிறமும் எதையும் காட்டிக் கொடுக்காது.

மிச்ச வேலையைத் திருத்தணி வெயில் பார்த்துக்கும். கோடையில நாற்பது டிகிரி தாண்டினதா செய்தியில அடிக்கடி வர்ற ஊர். புற ஊதாக் கதிரும் சங்கிலியைத்தான் அறுக்கும். ஆயிரக்கணக்கான கண்ணி உள்ள சங்கிலியில நடுவுல ஒரே ஒரு கண்ணி போனாலே நீளம் பாதி.

வீட்டுல இருக்கற நாற்காலியை இன்னைக்கே திருப்பிப் பாருங்க. மேல்பக்கம் சுண்ணாம்பு மாதிரி மாவு ஒட்டுதா, கால் சேர்ற மூலையில மெல்லிய கோடுகள் தெரியுதான்னு பாருங்க. இருந்தா அதுல பெரியவங்களை உட்கார வைக்காதீங்க. புதுசு வெளியில போடத்தான்னா, புற ஊதா தாங்கும்னு எழுதின சரக்கா கேளுங்க. கார்பன் கருப்பு சேர்த்த கருப்பு பிளாஸ்டிக் வெயில் அதிகம் தாங்கும், ஆனா உட்கார்ந்தா சுடும்.

அத்தை இப்போ மர முக்காலிக்கு மாறிட்டாங்க. உடைஞ்ச நாற்காலியை எடைக்குப் போட்டாச்சு. அது மறுபடி உருகி எந்தக் கடைக்கு எந்த நிறத்துல வரப்போகுதோ.