பிள்ளைகளின் டிசைன் படிப்பும் நமது பாக்கெட்டும்



மூன்று மாதம், ஆறு மாதம் என்று டிசைன் பயிற்சிக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். பனியன் கம்பெனிக்கு ஆகும், மளிகைக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. திருப்பூரில் பின்னலாடை டிசைன் கற்பிக்க நிஃப்ட்-டீ கல்லூரி 1997-இல் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் வந்தது. 2022-இல் அரசு 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கிய பின், மற்றக் கல்லூரிகளிலும் பட்டப் படிப்போடு இத்தகைய பயிற்சிகள் கிடைக்கின்றன.

பனியனில் படம் அச்சிட நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். நாம் மசாலா அடைக்கும் கவருக்கு, கிரேவியர் அச்சில், நிறத்துக்கு ஒரு சிலிண்டர். எட்டு நிறத்தில் வரைந்து கொடுத்தால் அத்தனை சிலிண்டர் செலவும் நம் தலையில்தான். அச்சு வேலையைக் கண்ணால் பார்த்த பிள்ளை மூன்றே நிறத்தில் எடுப்பாக முடித்துவிடும். கம்ப்யூட்டர் திரையை மட்டும் பார்த்துப் படித்ததற்கு இது பிடிபடாது. ஆகவே பணம் கட்டுமுன், அச்சகத்துக்கு அழைத்துப் போவீர்களா என்று கேட்டுவிடுங்கள். சான்றிதழைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று நம் பொறுப்பு. எடை, அதிகபட்ச சில்லறை விலை, பேக் செய்த தேதி, முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் சட்டப்படி கவரில் இருக்க வேண்டும். வாத்தியார் சொல்லித் தருவார் என்று இருக்காமல் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். சிலிண்டர் வெட்டிய பின் ஓர் எழுத்துப் பிழையும் செலவுதான். விலை ஏறி இறங்கும் சரக்குக்கு, விலையும் தேதியும் பிறகு முத்திரையிட வெற்றிடம் விடச் சொல்லுங்கள்.