கைபேசி எழுதிவைக்கும் நோய்க் குறிப்பு



மும்பையிலோ, டில்லியிலோ, கொல்கத்தாவிலோ வாழ்க்கை நடத்தும் நம்மவர்க்குக் கைபேசி வெறும் பேசும் கருவி மட்டும் அன்று. தாயின் குரலும், தங்கையின் திருமணப் படங்களும், பாட்டி கடைசியாகப் பேசிய நான்கு வார்த்தைகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அத்தகைய கருவி ஒரு நாள், மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகவே அணைந்து மீண்டும் உயிர்பெறத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? அருகிலுள்ள பழுது பார்க்கும் கடைக்கு ஓடுகிறோம். நமக்கு அரைகுறையாக விளங்கும் மொழியில் கடைக்காரர், “போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அவசரத் தீர்ப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு நாம் கொடுக்கும் விலை பணம் மட்டும் அன்று. இன்றைய கைபேசிகளில் படங்களும் கடிதங்களும் தங்கும் நினைவுச் சில்லு போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ளவை யாவும் மறைமொழியாக மாற்றப்பட்டே எழுதப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவியோ அதே போர்டிலுள்ள மூளைச் சில்லுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே போர்டை மாற்றினால், வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்காத படங்கள் அதோடு போயின என்றே கொள்ள வேண்டும். இந்த நிலையில், நோயாளியே தன் நோயைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பு ஒன்று உண்டென்றால், அதைப் படித்துப் பார்க்காமல் தீர்ப்புக்குத் தலையாட்டுவது சரியாகுமா?

அத்தகைய குறிப்பு உண்டு. கைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள், மேற்கொண்டு இயங்குவது ஆபத்து என்று கண்டால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. இதனைத் தொழில் அறிந்தோர் ‘பேனிக்’ என்பர். நிற்பதற்கு முன்பு, எதனால் நின்றோம் என்பதைச் சில வரிகளில் பதிந்து வைக்கிறது. ஐபோனில் இதைக் காண்பது எளிது. ‘செட்டிங்ஸ்’ என்பதில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதனுள் ‘அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ்’, அதனுள் ‘அனலிட்டிக்ஸ் டேட்டா’ என்று சென்றால் நீண்ட பட்டியல் ஒன்று தோன்றும். அதில் ‘பேனிக்-ஃபுல்’ என்று தொடங்கித் தேதியோடு முடியும் பெயர்களே நாம் தேடுபவை.

பட்டியலில் வேறு பல பெயர்களும் இருக்கும்; அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘ஜெட்சம்’ என்று தொடங்குபவை, நினைவிடம் நெருக்கடியானபோது சில செயலிகள் மூடப்பட்டன என்று கூறும் சாதாரணக் குறிப்புகளே. ஒரு செயலி மட்டும் மூடிக்கொள்வதற்கும் கருவி முழுவதும் நின்றுவிடுவதற்கும் உள்ள வேற்றுமையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். முன்னது பெரும்பாலும் அந்தச் செயலியின் குற்றம். பின்னதுதான் உறுப்புகளைச் சந்தேகிக்க இடம் தருவது.

இனி அந்த மூன்று நிமிஷக் கணக்கைப் பார்ப்போம். இரவில் பாராக் கொடுக்கும் காவலர் மணிக்கு ஒரு முறை மணியடிப்பதுண்டு. மணியோசை கேட்கவில்லையென்றால் மேலதிகாரி எழுந்து பார்க்கிறார். காவலருக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. மணி அடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். கைபேசியிலும் ‘வாட்ச்டாக்’ என்னும் மேலதிகாரி உண்டு. வெப்பத்தைக் கவனிக்கும் ‘தெர்மல்மானிட்டர்டி’ என்னும் பணியாள், தான் நலமாக இருப்பதாக அவ்வப்போது அதற்கு அறிவிக்க வேண்டும். 180 விநாடிக்குள் அறிவிப்பு வராவிட்டால் மேலதிகாரி கருவி முழுவதையும் நிறுத்திவிடுகிறார். 180 விநாடி என்பது சரியாக மூன்று நிமிஷம். கைபேசி கடிகாரம் போல் மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை அணைவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

பணியாள் ஏன் வாய் திறக்கவில்லை? தனக்குச் செய்தி தர வேண்டிய உணர்வுக் கருவி ஒன்று காணாமற் போனதால்தான். குறிப்பில் ‘மிஸ்ஸிங் சென்சார்’ என்ற சொற்களுக்குப் பின் அதன் பெயர் இருக்கும். ‘பி.ஆர்.எஸ்.0’ என்பது காற்றழுத்தத்தை அளப்பது. ‘மைக்1’ என்பது அடிப்புறத்து ஒலிவாங்கி. பல மாடல்களில் இவ்விரண்டும் சார்ஜ் ஏற்றும் துளையை ஒட்டிய மெல்லிய பட்டைக் கம்பியில் இருக்கின்றன. மழை ஈரமும் வியர்வையும் தூசும் அத்துளை வழியே புகுவதால் அந்தப் பட்டை முதலில் கெடுவது வியப்பன்று. ‘மைக்2’ என்பது பல மாடல்களில் பக்கவாட்டுப் பொத்தானின் பட்டையைச் சுட்டும். ‘டி.ஜி.0.பி’ என்பது பேட்டரியின் வெப்ப அளவையைச் சுட்டும். இவை யாவும் போர்டைத் தொடாமலே மாற்றக்கூடிய உறுப்புகள்.

வேறு சில சொற்களும் உண்டு. ‘எஸ்.எம்.சி.’ என்று வந்தால், மின்சாரத்தையும் உணர்விகளையும் மேற்பார்வையிடும் பகுதி இடறியது என்று பொருள். ‘ஏ.என்.எஸ்.’ அல்லது ‘என்.வி.எம்.இ.’ என்று வந்தால், நினைவுச் சில்லைப் பற்றிய எச்சரிக்கை என்று கொள்ளலாம். இந்த இரண்டாவதைக் கண்டவர் பழுதைப் பற்றி யோசிக்குமுன், கருவி உயிரோடு இருக்கும்போதே படங்களைப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வழி சற்று வேறு. ‘பில்ட் நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதிலிருந்து ‘பக் ரிப்போர்ட்’ எடுக்கலாம். பல கருவிகளில், நிற்பதற்கு முன் எழுதிய கடைசி வரிகள் நினைவகத்தின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. மின்சாரம் அறாமல் மறுபடி தொடங்கினால் அவை சிலேட்டில் எழுதியவை போல் எஞ்சியிருக்கும். மின்சாரம் அடியோடு அறுந்தால் அழிந்துவிடும். அறிக்கை நீளமானதாகையால், அதைத் தொழில் அறிந்தவரிடம் காட்டுவதே நலம்.

குறிப்பே இல்லாமற் போவதும் ஒரு குறிப்புத்தான். பேட்டரியில் கணிசமாகச் சார்ஜ் இருப்பதாகக் காட்டும்போதே, படம் பிடிக்கையில் கைபேசி சட்டென்று அணைகிறது. பட்டியலில் பேனிக் எதுவும் இல்லை. அப்படியானால் எழுதுவதற்கே அவகாசம் இல்லாமல் மின்சாரம் நின்றது என்று ஊகிக்கலாம். முதுமை அடைந்த பேட்டரியே முதல் சந்தேகம். 2018-ஆம் ஆண்டு முதல் ஐபோனின் ‘பேட்டரி ஹெல்த்’ பகுதியும் இத்தகைய எதிர்பாராத நிறுத்தத்தை அறிவிக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குறிப்பு சாட்சியே அன்றி நீதிபதி அன்று. ஒரே ஒரு குறிப்பைக் கொண்டு எதையும் முடிவு செய்யலாகாது. மூன்று நான்கு குறிப்புகள் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணம் சொன்னால், மென்பொருளைப் புதுப்பித்துப் பார்ப்பது முதற்படி. ஒரே உறுப்பைச் சொன்னாலும், கெட்டது உறுப்பா, தளர்ந்த இணைப்பா, அதற்குச் செல்லும் போர்டின் மின்வழியா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் எளிய சோதனை உண்டு. நல்ல பட்டை ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். மூன்று நிமிஷ எல்லையைக் கடந்து கருவி நிலைத்தால் நோய் பட்டையில் இருந்தது. மீண்டும் அணைந்து, அதே பெயரையே எழுதினால், அப்போது போர்டைச் சந்தேகிப்பது நியாயம்.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கிடைக்கும் மூன்று மூன்று நிமிஷங்களிலேயே மிகவும் வேண்டிய படங்களை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, ‘பேனிக்’ குறிப்பின் முதற்சில வரிகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக் குறிப்பில் உங்கள் கருவியின் அடையாள விவரங்கள் இருக்கக்கூடும் என்பதால் அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். மூன்றாவது, “என் அனுமதியின்றிப் போர்டை மாற்றக் கூடாது, முதலில் இந்த உறுப்பைச் சோதியுங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மராத்தியிலோ, இந்தியிலோ, வங்காளியிலோ இதை விளக்க நாக்குத் தடுமாறினாலும் கவலை வேண்டாம். குறிப்பிலுள்ள எழுத்துகள் எந்த ஊரிலும் ஒன்றே; அந்தப் படத்தை நீட்டினால் போதும். நேர்மையான தொழிலாளி அதைக் கண்டு மகிழ்வார், ஏனெனில் அவருடைய வேலையில் பாதி முடிந்துவிட்டது.