வயலில் இறங்கும் வனமிருகங்கள்: வேட்டையாடுவதா, கண்டு களிப்பதா?

தோட்டக்காலில் மயில் தோகை விரித்தாடுவதைக் காணும் பட்டணவாசி அக்காட்சியில் மெய்மறந்து நிற்பார். முந்தினநாள் ஊன்றிய நிலக்கடலை விதையை அதே மயில் கிளறித் தின்றுவிட்டதைக் காணும் நிலச்சொந்தக்காரருக்கோ அவ்வாட்டத்தில் மனம் செல்லாது. பயிரைக் கெடுக்கும் பிராணிகளையெல்லாம் சுட்டுத் தொலைக்கவேண்டும் என்பார் ஒரு சாரார்; அவையும் உயிர்களே, கண்டு களித்து விட்டுவிடுவோம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் பிராணிகள் அனைத்தையும் ஒரே கும்பலாகப் பாவித்துப் பேசுவதே வழக்கம். எந்தப் பிராணி, எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில், எவ்வளவு சேதம் செய்தது என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே, அதனைக் கொல்வதா, தடுப்பதா, சும்மா விடுவதா என்ற கேள்விக்கு இடமுண்டு.

இவ்விசாரணைக்குத் தக்க சமயம் விடியற்காலம். இரவில் நடந்தவற்றிற்கு மண்ணே சாக்ஷியாக இருக்கும். காட்டுப்பன்றி வந்த இடம் ஏர் ஓட்டியது போலக் குழிகுழியாகக் கிளறப்பட்டிருக்கும். பிளந்த இரு குளம்புகளின் சுவடும், சேறான இடத்தில் அவற்றிற்குப் பின்னால் சிறு பின்குளம்புகளின் பதிவும் காணும். கரும்பை அது கடித்து மென்று, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். மரவள்ளிக்கிழங்கை முள்ளம்பன்றியும் தோண்டும். ஆனால் அதன் முன்பற்கள் உளி கொண்டு செதுக்கியது போன்ற தடத்தைக் கிழங்கில் விட்டுச் செல்லும், அருகே ஒன்றிரண்டு முட்களும் உதிர்ந்து கிடக்கலாம். நெல் தூர்கள் சாய்வாக வெட்டுண்டிருந்தால் அது எலியின் வேலை. இளநாற்று தண்ணீர் மட்டத்தில் கத்தரிக்கப்பட்டிருந்தால் நண்டின் வேலை. இந்தப் பேதம் தெரியாமல், வரப்பில் நரியின் கால்தடத்தைக் கண்ட மாத்திரத்தில் நரியே குற்றவாளி என்று தீர்மானிப்பவர் பலர்.

நரியைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கரும்பிலும் விழுந்த பழங்களிலும் அது சிறிது வாய்வைப்பது உண்மை. ஆட்டுக்குட்டியையும் கோழியையும் கவர்வதும் உண்டு. ஆயினும் அதன் அன்றாட ஆகாரத்தில் வயலெலியும் நண்டும் பூச்சிகளும் செத்த பிராணிகளின் மாமிசமும் பெரும்பங்கு வகிக்கின்றன. தரையில் கூடுகட்டும் மயிலின் முட்டையும் அதற்கு இரையாகும். நரியைத் தொலைத்த கிராமத்தில் எலிக்கும் மயிலுக்கும் இருந்த தடைகளில் ஒன்று நீங்கிவிடுகிறது. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் நம்மவரே அதன் பல்லுக்கும், இல்லாத ‘நரிக்கொம்பு’க்கும் விலை கொடுத்து அதனைக் கொல்லத் தூண்டியது விந்தையே. சேலம் ஜில்லாவில் வாழப்பாடிப் பக்கத்துச் சில கிராமங்களில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கமும் இருந்தது. வனத்துறையார் இதற்காக அபராதம் விதித்திருக்கின்றனர்.

கூகையின் நிலையும் இத்தகையதே. அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்தப்படும் இப்பறவை இரவு முழுவதும் வயலெலியையே நாடித் திரிவது. நடவு முடிந்ததும் வயலில் பயிரின் மட்டத்திற்கு மேல் நிற்கும்படி ஆங்காங்கே குறுக்குக்கட்டை பொருத்திய கொம்புகளை நட்டுவைத்தால் கூகை அவற்றில் அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் முற்றும் தருணத்தில் தானியம் தின்னும் பறவைகளும் அவற்றில் வந்து உட்காருமாதலால், அப்போது கொம்புகளை எடுத்துவிடுவது நலம். சாரைப்பாம்பு, கீரி ஆகியவற்றையும் இவ்வினத்தில் சேர்க்கலாம். இவற்றோடு தஞ்சாவூர்க் கிட்டியையும் சேர்த்து உபயோகிக்கிறவருக்கு எலிக்கு விஷம் வைக்கும் செலவு குறையும்.

இனி உண்மையான விரோதியாகிய காட்டுப்பன்றிக்கு வருவோம். அதனால் விளையும் சேதம் மிகைப்படுத்திச் சொல்லப்படுவதன்று. நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, நெல் ஆகிய எதனையும் அது விடுவதில்லை. தின்பதைக் காட்டிலும் மிதித்தும் புரட்டியும் கெடுப்பது அதிகம். ஓரிரவில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு குடும்பத்தின் அரைவருஷ உழைப்பு போய்விடக்கூடும். இத்தகைய நஷ்டத்தை அடைந்தவரிடம் காட்டுப்பன்றியின் அழகைப்பற்றி உபதேசிப்பது நியாயமாகாது.

ஆனால் வேட்டையினால் இந்நஷ்டம் தீருமா என்பதைப் பன்றியின் சுபாவத்தைக் கொண்டே ஆராயவேண்டும். பெண்பன்றி சுமார் 4 மாதம் சூல் தாங்கி, ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் வரையிலும், சிலவேளைகளில் அதற்கு மேலும் ஈனும். பெண்களும் குட்டிகளும் கூட்டமாக வாழும். முதிர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்துத் திரியும். வேட்டையாடுவோர் பெருமைக்காக நாடுவது பெரிய கோரைப்பற்களையுடைய அத்தனி ஆணையே. அதனை வீழ்த்தியதால் கூட்டத்தின் பெருக்கம் குறைவதில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்ட கூட்டம் சில நாள் ஒதுங்கி, அடுத்த கிராமத்தின் வயலில் இறங்கும். பிறகு திரும்பி வரும். அன்றியும், பகலில் பதுங்க அடர்ந்த புதர் இருக்குமட்டும் அவை அவ்விடத்தை விட்டு நீங்கா. ஏரி உள்வாயிலும் புறம்போக்கிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் காட்டிலிருந்து வெகுதூரத்திலுள்ள ஊர்களிலும் பன்றிக்கு இருப்பிடமாகிவிட்டது. வயலுக்கு அடுத்த அப்புதரை அகற்றுவது பத்துப் பன்றிகளைச் சுடுவதைக் காட்டிலும் நீடித்த பலன் தரும். கிராமப் பொதுநிலத்தில் இதனைத் தனி ஒருவர் செய்ய இயலாது, பஞ்சாயத்து முன்வரவேண்டும்.

சட்டத்தின் நிலையையும் கிராம அதிகாரிகள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். 1972-ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. முன்னர் காகம், எலி, பழந்தின்னி வௌவால் முதலியவை ‘தீங்குயிர்’ என்று ஒரு தனி அட்டவணையில் இருந்தன. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தம் அவ்வட்டவணையை நீக்கிவிட்டது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்தான அத்தகைய பிராணியைத் தலைமை வனஉயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ எழுத்துமூலமாக அனுமதித்தாலன்றிக் கொல்லுதல் குற்றமாகும். தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவு நிலங்களை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையில் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையார் சுடலாம். சுடும் உரிமை வனத்துறையாருக்கேயன்றி நிலச்சொந்தக்காரருக்கு இல்லை என்பதைக் கவனிக்க.

சட்டத்தை மீறிச் செய்யப்படும் உபாயங்களில் மின்சாரக் கம்பி மிகக் கொடியது. பம்புசெட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை நேராகக் கம்பியில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர், வருவது பன்றிதான் என்று எவ்வாறு நிச்சயிப்பார்? தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்தாரும், அவிழ்த்துக்கொண்ட மாடும், தம் வீட்டுப் பிள்ளையும் அக்கம்பியில் சிக்கலாம். 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே இவ்வாறு கட்டிய கம்பியில் மூன்று பெண்யானைகள் மாண்டன. உடன்வந்த இரு குட்டிகள் மட்டும் பிழைத்தன. பழத்திலும் மாவிலும் வெடி வைப்பதும் அப்படியே. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில் சூல்கொண்ட யானை ஒன்று வெடியினால் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே இறந்ததை நாடே அறியும்.

சூரிய ஒளிப் பலகையின் உதவியால் இயங்கும் மின்வேலி இதனின் வேறானது. அதில் மின்கலத்திலிருந்து ஒரு கருவியின் வழியாகக் கணநேரத் துடிப்பாக மின்சாரம் செல்கிறது. தீண்டிய பிராணி அதிர்ந்து விலகுமே தவிர இறவாது. பன்றி மூக்கினால் முட்டி வருவதாகையால், அடிக்கம்பி தரைக்கு அணுக்கமாக இருத்தல் வேண்டும். கம்பியைத் தொடும் களையை அடிக்கடி வெட்டாவிட்டால் மின்சாரம் மண்ணில் கசிந்து வேலி பயனற்றுப்போகும். பலர் வேலி போடுவதில் செலவிட்டுப் பராமரிப்பில் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். இத்தகைய வேலிகளைப் பதிவுசெய்ய 2023-இல் விதிகள் ஏற்பட்டிருப்பதால், வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே அமைக்கவேண்டும். வேலிக்கு வசதியற்றவர் மக்காச்சோளத்தையோ நிலக்கடலையையோ சுற்றி ஆமணக்கைச் சில வரிசை நெருக்கமாக விதைக்கலாம். பன்றிக்குக் கண்பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. ஆகவே சேலையைக் கட்டுதல் போன்ற கண்ணை மிரட்டும் உபாயங்கள் சில நாளில் பழகிப்போகும். ஆள் இருந்து காக்கும் பரணுக்கு ஈடு இன்றுவரை இல்லை. தினைப்புனத்தில் பரணமைத்துத் தட்டையும் கவணும் கொண்டு காத்த சங்ககால வழக்கத்தை, நான்கைந்து நிலத்தார் முறைவைத்துக் கொண்டால் இப்போதும் கையாளலாம். கிழங்கும் கதிரும் முற்றும் அந்த மூன்று நான்கு வாரங்களே கடுங்காவலுக்குரியவை.

மயிலுக்கு வேறு வழி. அது 1963 முதல் தேசியப் பறவை. முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதனைக் கொன்றவருக்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தானியத்தில் விஷம் கலந்து தூவுகிறவர் மயிலோடு புறாவையும் கோழியையும் கொல்கிறார் என்பது ஒருபுறமிருக்க, அதற்கு அவசியமும் இல்லை. மயில் இரவில் மரத்தில் தங்கி, காலையிலும் மாலையிலுமே மேய்வது. விதைத்தது முதல் நாற்று வேர்பிடிக்கும் வரையில் அவ்விரு வேளையும் ஆள் நிறுத்துவதும், நாற்றங்காலுக்கு வலை மூடுவதும் போதுமானவை. அப்பருவம் கழிந்தபின் வயலில் உலவும் மயில் புழு பூச்சிகளையும் பொறுக்கும். அக்காலத்தில் அதனைப் பார்த்துக் களிப்பதற்கு நிலச்சொந்தக்காரருக்கும் தடை இல்லை.

கண்டு களிப்பது பட்டணத்தாரின் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. அவ்வேரியில் கூடும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரமாவதை அவ்வூர்க் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். 1858-லும் செங்கற்பட்டுக் கலெக்டரின் உத்தரவு ஏற்பட்டது. சரணாலயம் என்ற பேச்சு எழுமுன்பே, தம் விளைச்சலைக் கருதிப் பறவைகளைக் காத்தவர்கள் அவர்கள்.

சேதம் நேர்ந்தபின் மனுச் செய்வோர் சில விஷயங்களில் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். சேதமான இடத்தை உடனே உழுதுவிடாமல், சுவடுகளும் கடிபட்ட பயிரும் இருந்தபடியே இருக்கப் படம் எடுத்துக்கொண்டு, சர்வே நம்பர், பயிர், அதன் வயது, சேதமான பரப்பு ஆகியவற்றைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் தாமதமின்றிக் கொடுக்கவேண்டும். மழை பெய்தால் ஒரே நாளில் சுவடு அழிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர் இம்மனுக்களை ஒரு குறிப்பேட்டில் தேதிவாரியாகப் பதிந்துவைத்தால், எந்தத் திசையிலிருந்து, எந்த மாதத்தில் பன்றி இறங்குகிறது என்பது இரண்டு போகத்திற்குள் புலப்படும். காவலையும் புதர் வெட்டுதலையும் அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.