ஆட்டுக்கல்லின் முதல் மாவு

எங்கள் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு நாள் மாலை ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்தார். ஊர் ராசிபுரம். வீட்டில் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். அப்பா நாள்தோறும் அதில் சேலத்துக்கு வேலைக்கு வந்து போகிறார். பத்தே நாளில் 500 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் சர்வீசுக்கு விட்டு எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேடு சொல்கிறது. கூலி கிடையாது, எண்ணெய்க்கு மட்டும் பணம். அங்கேதான் வீட்டில் தகராறு.

"பத்து நாள் ஆன எண்ணெயை எவனாவது கீழே ஊத்துவானா? அடுத்த தடவை மூவாயிரம் ஓடின பிறகு மாத்துன்னு அவனே சொல்றான். அப்போ இது மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?" என்று பெரியப்பா ஒரே பிடியாக நிற்கிறாராம். பெரியப்பா நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவர். அவர் பேச்சை அப்பா தட்டமாட்டார்.

"நல்ல எண்ணெய் 500 கிலோமீட்டரில் கெட்டுவிடுமா, சார்?"

கெடாது. பெரியப்பா சொன்னதில் பாதி முழுக்க முழுக்கச் சரி. மீதிப் பாதியை விளக்க ஓர் ஆட்டுக்கல் வேண்டும்.

புதிதாகக் கொத்திய ஆட்டுக்கல்லில் முதல் நாளே இட்லிக்கு மாவு ஆட்டும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தவிட்டையோ நொய்யையோ போட்டு ஆட்டி, அள்ளி வெளியே கொட்டுவார்கள். கல்லைக் கழுவி மறுபடியும் ஆட்டுவார்கள். ஆட்டியதை விரலில் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு நின்ற பிறகுதான் அரிசி போடுவார்கள். கொட்டிய நொய் ஊசிப்போன நொய் அல்ல. அதில் கல்லின் பொடி இருக்கிறது, அவ்வளவுதான். உளியால் கொத்தியபோது எழுந்து நின்ற சிறு முனைகள் ஒன்றோடொன்று உரசி உடைந்து, மாவோடு வந்துவிடுகின்றன. அந்த மாவைத் திரும்பத் திரும்ப அதே கல்லில் ஆட்டினால் என்ன ஆகும்? பொடியே கல்லைத் தேய்க்கும்.

புது எஞ்சினும் புதிதாகக் கொத்திய கல்தான். சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடிபோல் மழமழப்பாக்கி அனுப்புவதில்லை. நுண்ணிய சாணைக் கற்களைச் சுழற்றி, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கீறல்கள் வேண்டும். ஆனால் பள்ளம் என்று ஒன்று இருந்தால் பக்கத்தில் மேடும் இருக்கும். பிஸ்டன் வளையங்கள் அந்த மேடுகளின் தலையைச் சீவிச் சீவித்தான் சுவரோடு படிந்து உட்காருகின்றன. பற்சக்கரங்களின் பற்களும் அப்படியே. கிளட்ச் தட்டுகளின் தூசியும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றே ஒன்று: எஞ்சின் எண்ணெய்.

500 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு உரசல் என்று ஒரு கணக்குப் போடலாம். நம் சாலைகளில் அதிகம் பார்க்கும் 100 சி.சி. வகையை எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் ஆகியவற்றின் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம் 49.5 மி.மீ. (இவற்றைக் கொண்டு உருளையின் கன அளவைக் கணக்கிடுங்கள். 97.2 க.செ.மீ. வரும். 100 சி.சி. என்பது வாய்க்கணக்கு.) கிராங்க் தண்டு ஒரு முறை சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும், அதாவது 99 மி.மீ. உரசுகிறது. மேல் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது கிராங்க் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 முறை சுற்றும். 500 கி.மீ. கடக்கப் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது 750 நிமிடம். மொத்தம் 30 லட்சம் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் 99 மி.மீ. என்றால் 297 கி.மீ.! வண்டி 500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் பிஸ்டன் உள்ளுக்குள்ளேயே, ஐந்து சென்டிமீட்டர் இடத்துக்குள், கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது.

இவ்வளவு உரசியும் எஞ்சின் சில நாளில் தேய்ந்துபோகாமல் இருப்பது எதனால்? இரும்பும் இரும்பும் பெரும்பாலான நேரம் தொட்டுக்கொள்வதே இல்லை என்பதால்தான். இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1883 வாக்கில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் பெட்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே வந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை மெல்ல மேலே எழும்பியது. மரக்கட்டையால் அடைத்தார். அதுவும் வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மேல் உள்ள சுமை தரும் சராசரி அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகும் இடைவெளியில் ஆப்பு அடிப்பதுபோல் திணிக்கிறது. அந்த எண்ணெய் ஆப்பே முழுச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. 1886இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

(நம் மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கு வண்டிமை போட்டதும் இதே உராய்வுக்கு அஞ்சித்தான். ஆமணக்கு எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் பூசுவார்கள். அந்த ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்துதான் 1909இல் காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரும் பிறந்தது.)

இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் என்ன தெரியுமா? சில மைக்ரான், சில இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மூன்று மைக்ரான் படலத்துக்குள் பத்து மைக்ரான் இரும்புத் துகள் ஒன்று நுழைந்தால் இரண்டு பக்கமும் இடிக்கும், கீறும். கீறிய இடத்திலிருந்து இன்னொரு துகள் பிறக்கும். எண்ணெய் புதிதாக இருப்பதால் இதைத் தடுக்க முடியாது.

"அதற்குத்தான் ஃபில்டர் இருக்கிறதே, சார்?"

நல்ல கேள்வி. பல வண்டிகளில் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி இருக்கிறது. அதன் துளைகள் மிகப் பெரியவையும் அல்ல, மிகச் சிறியவையும் அல்ல. பெரிய துகள்களை நன்றாகப் பிடிக்கும். பத்து மைக்ரானுக்கும் குறைந்தவற்றில் நிறையத் தப்பிவிடும். துளையை இன்னும் சிறிதாக்கினால் என்ன? எண்ணெய் போவதே கடினமாகிவிடும். காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது வடிகட்டி வழிவிடாவிட்டால் தாங்கிகள் வறண்டுபோகும். ஆகவே அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் ஒரு மாற்று வழியையும் வைத்திருக்கிறார்கள். அழுக்கு எண்ணெயாவது கிடைக்கட்டும், எண்ணெயே இல்லாமல் போகக்கூடாது என்பது பொறியாளரின் கணக்கு. புது எஞ்சினில் வடிகட்டி முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே நிறையத் தூளைச் சுமந்துவிடுகிறது. அதனால்தான் எண்ணெயோடு அதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

நான் சொன்ன 100 சி.சி. எஞ்சினில் காகித வடிகட்டியே இல்லை. அதில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரு கம்பி வலை இருக்கிறது. அது பெரிய துணுக்குகளுக்கு மட்டும். மற்றபடி கிராங்க் தண்டின் முனையில் மூடிபோட்ட கிண்ணம் ஒன்று தண்டோடு சேர்ந்து சுழல்கிறது. எண்ணெய் அதற்குள் புகுந்து வெளியேறுகிறது. பால் பண்ணையில் பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்: சுழலும்போது கனமானது வெளிவிளிம்புக்குப் போகும்.

எவ்வளவு விசை? கிண்ணத்தின் ஆரம் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் கோண வேகம் நொடிக்கு 419 ரேடியன். அதன் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் சுமார் 4,390 மீ./நொடி². புவியீர்ப்பு முடுக்கமோ 9.8. ஏறக்குறைய 450 மடங்கு! பத்து மைக்ரான் விட்டமுள்ள இரும்புத் துகள் சூடான எண்ணெயில் தன் எடையால் ஒரு மில்லிமீட்டர் இறங்க அரை நிமிடம்போல் ஆகும் என்று ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது. இந்தக் கிண்ணத்தில் அதற்கு ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். துளை இல்லை, அடைப்பும் இல்லை.

ஆனால் இங்கும் ஒரு குறை. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் இரும்பைப்போல் மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியே உள்ளது. எண்ணெயின் அடர்த்தியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதே அளவு துகள் நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் விளிம்புக்கு நகரும். அது போய்ச் சேருமுன் எண்ணெய் வெளியேறிவிடலாம். விட்டம் பாதியானாலும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். விளிம்பில் படிந்ததும் அங்கேயே அப்பிக்கிடக்கும். மூடியைக் கழற்றித் துடைத்தால்தான் போகும். ஆக, எந்த வடிகட்டியானாலும் தப்பிய துகள்கள் எண்ணெயில் மிதந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை வெளியேற்ற ஒரே வழி, எண்ணெயையே வெளியேற்றுவது. முனைகள் படிந்த பிறகு இவ்வளவு தூள் வராது. அடுத்த எண்ணெய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடலாம் என்பது இதனால்தான்.

பெரியப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் இளமையில் ஓட்டியது ராஜ்தூத்தாம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ராஜ்தூத், எஸ்டி, 1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 ஆகியவையெல்லாம் டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு வண்டிகள். (1965 வரை ஓசூரும் சேலம் மாவட்டம்தான்.) அவற்றில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், ஒரே ஒரு முறை மசகிட்டு, எரிந்து புகையாகிவிடும். தேய்ந்த தூளும் அதோடு வெளியேறும். கியர் பெட்டிக்கு மட்டும் தனி எண்ணெய். எஞ்சின் எண்ணெயை வடிப்பது என்ற வேலையே கிடையாது. பெரியப்பா தாம் பார்த்ததைத்தான் சொன்னார். அன்றும் சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட் மட்டும் நான்கு வீச்சு எஞ்சின்; அதில் எண்ணெயும் மாற்றவேண்டும், அழுத்திய கம்பளித் துணியாலான வடிகட்டியையும் கவனிக்கவேண்டும். புகைக் கட்டுப்பாடுகள் இறுகவே இரு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் மறைந்தன. 2015இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டில்கூட நான்கு வீச்சு எஞ்சின்தான்.

எந்த எண்ணெய் ஊற்றுவது? கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள். காருக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றவேண்டாம். மோட்டார் சைக்கிளில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் நனைகிறது. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் கிளட்ச்சும் வழுக்கும். அதற்கென்றே ஜாசோ எம்.ஏ. என்று தகரத்தில் குறியிட்டிருப்பார்கள். நாமக்கல் நெடுஞ்சாலை நன்றாக இருக்கிறதே என்று புது வண்டியை ஒரே வேகத்தில் முறுக்கிப் பிடிப்பதும் ஆகாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால் வளையங்கள் எல்லா இடத்திலும் படியும்.

அந்த வண்டியின் எண்ணெயை மாற்றிவிட்டார்கள். மாணவர் சொல்லிவைத்து, வடித்த எண்ணெயில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி நிறையக் கொண்டுவந்தார். நீங்கள் செய்வதானால் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கையுறை அணிந்து செய்யுங்கள். பழைய எண்ணெய் தோலுக்குக் கெடுதல். புட்டியை இரண்டு நாள் அசைக்காமல் வைத்தோம். டார்ச் ஒளியில் அடியில் மினுமினுப்பு தெரிந்தது. பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தைப் புட்டியின் அடியில் விட்டுத் துழாவியெடுத்தால் சாம்பல்நிற மயிர்போல் இரும்புத் தூள். காந்தத்துக்கு மசியாமல் மினுக்கிக்கொண்டு மிஞ்சியது அலுமினியம். சோதனை முடிந்ததும் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவில்லை. பட்டறைப் பீப்பாய்க்கே திருப்பி அனுப்பினோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் படலமாக ஏரியில் பரவினால் 1,000 சதுர மீட்டரை, அதாவது கால் ஏக்கரை, மூடிவிடும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் அடங்கும். பீப்பாயில் சேர்வதைச் சுத்திகரித்து மறுபடியும் எண்ணெயாக்க முடியும்.

காந்தத்தில் ஒட்டியதைக் காகிதத்தில் மடித்துப் பெரியப்பாவிடம் காட்ட எடுத்துப் போனார் மாணவர். மறுநாள் கேட்டேன். பெரியப்பா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நறநறன்னே இல்லையேடா" என்றாராம். இருக்காதுதான். இவ்வளவு பொடியான துகள் விரலுக்குத் தெரியாது.