கண்ணாடி துடைக்கும் தொழிலுக்குக் கைக்கருவிகள்



கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு அந்தப் பெயர் செங்கல் சூளைகளால் வந்தது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்புக் கூரை வேய்ந்த பழைய நகரத்தை அழித்துவிட்டன. அதன் பிறகு, செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. செங்கல் அறுக்கும் களங்கள் இங்கே பெருகின. இன்றோ, அதே பிரிக்பீல்ட்ஸில் எங்கு திரும்பினாலும் கண்ணாடி. 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பின் அதைச் சுற்றி எழுந்த கட்டடங்களைப் பாருங்கள். ஜாலான் துன் சம்பந்தனிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள துணிக்கடை, நகைக்கடைகளின் முகப்பும் கண்ணாடிதான்.

செங்கல் சுவர் ஓராண்டு அழுக்கைத் தாங்கிக்கொள்ளும். கண்ணாடியோ ஒரே மழையில் காட்டிக் கொடுத்துவிடும். லோரிப் புழுதி போதாதென்று, புகைமூட்டக் காலங்களில் சாம்பலும் வந்து படிகிறது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கும் அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்தது நினைவிருக்கலாம். எனவே கண்ணாடி துடைப்பவருக்கு இங்கே வேலை உண்டு. தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்த நம் இளைஞர்கள் சிறு முதலில் தொடங்கக்கூடிய தொழில்களில் இதுவும் ஒன்று. தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில், கைவேலை வகுப்பில் சொல்லித்தருவதைப் போலவே, இதற்கான கருவிகளைச் செய்யும் முறையை விளக்குகிறேன்.

முதலில் ஒரு விதியை மனத்தில் பதிய வைத்துக்கொள்வோம். கண்ணாடியைத் தொடும் கருவிகளை நாமே செய்துகொள்ளலாம். நம் உடலைத் தாங்கும் கருவிகளை நாமே செய்யக்கூடாது. இதன் பொருள் பின்னர் விளங்கும்.

இத்தொழிலின் உயிர்நாடி, நீரை வழித்தெடுக்கும் ரப்பர் வைப்பர். இன்று நாம் காணும் வைப்பரும் ஒரு தொழிலாளியின் கையில் பிறந்ததுதான். முன்பு அமெரிக்காவில் கனமான எஃகுச் சட்டத்தில் இரண்டு ரப்பர் பட்டைகளைப் பொருத்தியிருந்தார்கள். பட்டையை மாற்ற 12 திருகாணிகளைக் கழற்ற வேண்டும். இத்தாலியிலிருந்து குடியேறி, கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் சன்னல் துடைத்துவந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர், 1936-இல் இலேசான பித்தளைச் சட்டத்தில் ஒரே ஒரு மெல்லிய ரப்பர் பட்டையைப் பொருத்தினார். இன்றளவும் உலகெங்கும் புழங்குவது அந்த அமைப்பே.

ரப்பர் என்றதும் நமக்குத் தோட்டம் நினைவுக்கு வரும். ஆனால் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட் இதற்கு உதவாது. வெயில் பட்டால் பிசுபிசுக்கும். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் துவளும் தன்மையும் பெறும் என்று 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். அவ்வாறு பதப்படுத்திய, 3 மில்லிமீட்டர் கனமுள்ள மிருதுவான ரப்பர் தகடு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். சைக்கிள் டியூப் மெல்லியது, மடங்கிவிடும்.

இனி, செய்முறை. 35 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டை அலுமினியப் பட்டைகள் இரண்டு வேண்டும். ரப்பரை 3 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். நீளம் மட்டும் அலுமினியத்தை விட அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். இரு முனையிலும் ரப்பர் சற்று நீட்டிக்கொண்டிருந்தால்தான் சன்னல் சட்டத்தில் கீறல் விழாது. ரப்பரை இரு பட்டைகளுக்கும் நடுவே வைத்து, ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி, ஐந்து சிறு போல்ட்டுகளால் இறுக்குங்கள். போல்ட்டுகள் ரப்பரின் நடுக்கோட்டில் செல்லட்டும். அப்போது ஒரு விளிம்பு தேய்ந்தால் மறு விளிம்பைத் திருப்பிப் போடலாம். நடு போல்ட்டில் ஒரு மரக் கைப்பிடியைப் பிளவிட்டுப் பொருத்திவிட்டால் வைப்பர் தயார்.

எல்லாம் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ரப்பரின் மேல் சோப்புநீர் தடவி, எஃகு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்திரிக்கோல் கூடாது. விளிம்பில் ஒரு பல் விழுந்தாலும் கண்ணாடியில் ஒரு கோடு நிற்கும். விளிம்பு மழுங்கினால் நீர்ப்படலம் தங்கும்.

அடுத்தது நனைக்கும் கட்டை. அரை அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டுகள், ஒரு மூவழி இணைப்பு, முனைகளுக்கு மூடிகள், கைப்பிடிக்கு மற்றொரு துண்டு. குறுக்குக் குழாயின் மேல் பழைய துவாலையைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

வட்ட வாளியில் இந்தக் கட்டை அடங்காது. உணவுக்கடைகள் கழிக்கும் 17 கிலோ சமையல் எண்ணெய்க் கலனைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை வெட்டி எடுத்தால், நீண்ட தொட்டி கிடைக்கும். எண்ணெய்ப் பசை போகும்வரை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். பசை இருந்தால் கண்ணாடி மங்கும்.

நம் பழைய வரிசை வீடுகளில் அடுக்குக் கண்ணாடி சன்னல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு வைப்பர் ஏற்றதன்று. மூங்கிலைப் பிளந்து இடுக்கிபோல் வளைத்து, உட்புறம் இரண்டிலும் துணி சுற்றினால், ஒவ்வொரு தகட்டையும் இரு பக்கமும் ஒரே இழுப்பில் துடைக்கலாம்.

தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புநீர் சில துளிகள் போதும். நுரைக்காக அதைச் சேர்ப்பதில்லை. ரப்பர் வழுக்கிச் செல்வதற்காகவே சேர்க்கிறோம். சிமெண்ட் நீர் வழிந்த வெண்கறைக்கு வினிகர் உதவும். பளிங்குக் கல்லில் மட்டும் அது படக்கூடாது. குளோரின் கலந்த வெளுப்பானை வினிகருடனோ அம்மோனியாவுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் நச்சுவாயு மூச்சுப்பையைத் தாக்கும். வெயில் கண்ணாடியில் நேராக விழும் வேளையில் துடைக்க வேண்டாம். வழிப்பதற்குள் சோப்பு உலர்ந்துவிடும்.

இனி, முதலில் சொன்ன விதிக்கு வருவோம். ஏணியை ஆணியடித்துச் செய்யாதீர்கள். கயிற்றில் பலகை கட்டித் தொங்காதீர்கள். ஏணியைத் தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். நான்கடி உயரத்திற்கு ஓரடி வீதம் அடிப்பக்கத்தைத் தள்ளிச் சாய்த்து வையுங்கள். மேல்மாடிச் சன்னலுக்குத் தரையில் நின்றபடியே நீண்ட கோலைப் பயன்படுத்தலாம். ஆனால் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தில் அலுமினியக் கோல் மின்கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மூங்கில் கோலாயிற்றே என்று எண்ண வேண்டாம். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். அடுக்குமாடிகளின் வெளிப்புற வேலையைப் பயிற்சியும் முறையான சாதனமும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். கூலி எவ்வளவு கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சுயதொழில் செய்பவருக்கும் கடமை விதித்திருக்கிறது.

தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால்தான் அலுவலகங்கள் ஒப்பந்தம் தரும். வங்கியும் கணக்குத் திறக்கும்.

காலையில் கடை திறக்குமுன் ஐந்து கடைகளை முடித்துவிட்டால் அன்றைய சாப்பாட்டுக்கு வழி பிறந்துவிடும். பல் விழாத ரப்பர் விளிம்பும், தரையில் ஊன்றிய இரண்டு கால்களும் இருந்தால், இந்தத் தொழில் ஒரு குடும்பத்தைக் காக்கும்.