பின்னால் தண்ணீர் துப்புகிறதா?

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டித் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் கேரி தீவு. பெயரில்தான் தீவு; காரிலேயே போய்விடலாம். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயரைத் தாங்கிய இடம். இருபுறமும் செம்பனை, நடுவே நீளமான தோட்டத்துச் சாலை. மா மெரி பூர்வகுடி மக்கள் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்க வருகிறவர்கள் சுங்கை பும்பூன் கிராமத்துக்குப் போவார்கள். நண்டும் இறாலும் தின்ன வருகிறவர்கள் ஆற்றோரக் கடைகளுக்குப் போவார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. தூண்டில், ஐஸ் பெட்டி, புளிசாதப் பொட்டலத்தோடு நேராக ஜெட்டிக்குப் போகிறவர்கள். நான் அந்த மூன்றாவது கூட்டம்.

படகு என்னுடையதல்ல. நண்பர்கள் நான்கு பேர் பணம் போட்டு வாங்கிய பழைய ஃபைபர் படகு. முன்னால் சின்ன கேபின், நடுவில் பெட்டி போட்டு மூடிய பெட்ரோல் எஞ்சின், மழைக்கு இறக்கிவிட இருபுறமும் கான்வாஸ் திரை. இப்போது நம் பக்கத்தில் பலர் இப்படிச் சேர்ந்து படகு வாங்குகிறார்கள். வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஆற்று முகத்துவாரம் வரை போய் வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் படகில் ஏறும்போது எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்கிறார்கள், வானிலையைக் கேட்கிறார்கள், மீன் சிக்குமா என்று கேட்கிறார்கள். படகின் பின்புறம் போய், புகை வெளியேறும் குழாயை எட்டிப் பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

காரில் புகைக்குழாய் என்றால் புகை வரும், அவ்வளவுதான். இப்படி எஞ்சின் உள்ளேயே இருக்கும் படகில் அதன் வழியாகத் தண்ணீரும் வரும். எஞ்சினிலிருந்து புறப்படும் புகையின் சூடு பல நூறு டிகிரி. ஃபைபரும் மரமுமாக இருக்கும் படகின் வயிற்றுக்குள் அவ்வளவு சூட்டைக் கொண்டுபோக முடியாது. அதனால் எஞ்சின் வெளியிலிருந்து ஆற்று நீரையோ கடல் நீரையோ உறிஞ்சி, தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, அந்த நீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளுகிறது. இரண்டும் கலக்கும் வளைவான இரும்புத் துண்டை மெக்கானிக்குகள் எல்போ என்பார்கள். அதற்குப் பிறகு வருவது வெறும் ரப்பர் ஹோஸ். தண்ணீர் ஓடுகிற வரை ரப்பர் தாங்கும். தண்ணீர் நின்றால் சில நிமிடங்களில் கருகும்.

இங்கேதான் நம் லங்காட் ஆறு கதைக்குள் வருகிறது. கேரி தீவைச் சுற்றியிருப்பது தெளிந்த நீலக் கடல் அல்ல, சேறு. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் பௌர்ணமி, அமாவாசை நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அந்த நீர் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சதுப்புநிலக் காட்டின் இலை, மண், மேலே நகரத்திலிருந்து மிதந்து வரும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. எஞ்சின் உறிஞ்சுவது இந்தத் தண்ணீரைத்தான். உள்ளே வரும் இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். அதை அடுத்துள்ள பம்புக்குள் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம், பூ இதழ் போல இதழ்களோடு சுற்றும். சேற்று மணல் அந்த இதழ்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் போயிருந்தோம். நண்பரின் அக்கா குடும்பம், இரண்டு பிள்ளைகள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கான்வாஸ் திரைகளை இறக்கிவிட்டு, பின்பக்கம் மட்டும் திறந்திருக்க, மெதுவாக ஆற்றுக்குள் வந்துகொண்டிருந்தோம். காற்று பின்னாலிருந்து அடித்தது. பிள்ளைகள் இருவரும் எஞ்சின் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்திருந்தார்கள். மழைக் குளிரில் அந்த இடம் கதகதப்பாக இருக்கும், எந்தப் பிள்ளையும் அங்கேதான் உட்காரும்.

சின்னவனுக்கு ஒன்பது வயது. தலை வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் வாந்தி. அவன் அம்மா, கடல் மயக்கம் என்று பையில் மாத்திரை தேட ஆரம்பித்தார். பிறகு அவருக்கும் தலை வலித்தது. குரலை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். எஞ்சின் சத்தம் மாறியிருந்தது. வழக்கமாகப் பின்னால் குளுகுளுவென்று தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் போய், வறட்டுத்தனமாக, கரகரவென்று அடித்தது. எங்களோடு வந்த அண்ணனிடம் சொன்னேன். அவர் தோட்டத்து வொர்க்ஷாப்பில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஜெட்டியில் படகு எஞ்சின்களைக் கவனித்துக்கொள்கிறார்.

அவர் எதையும் கேட்கவில்லை. பின்னால் குனிந்து பார்த்தார். "தம்பி, தண்ணி துப்பல. எஞ்சின நிறுத்துங்க. தெரய தூக்குங்க. பிள்ளைங்கள முன்னால கொண்டு போங்க, சீக்கிரம்" என்றார். மழை நனைத்தாலும் பரவாயில்லை என்று எல்லாத் திரைகளையும் சுருட்டினோம். நங்கூரம் போட்ட பிறகு எஞ்சின் பெட்டியைத் திறந்தார். வடிகட்டி முழுக்கச் சதுப்பு மரத்து இலையும் ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டும். தண்ணீர் போதாமல் ரப்பர் ஹோஸ் கிளாம்புக்குப் பக்கத்தில் கருகி வெடித்திருந்தது. வெளியே போக வேண்டிய புகை பெட்டிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. அதன் மூடிமேல்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறொரு மீன்பிடிப் படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. பிள்ளைக்கும் தாய்க்கும் மருத்துவமனையில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இரண்டு பேரும் நலம். பையன் மறுபடியும் எப்போது போகலாம் என்று கேட்கிறான். அவன் அம்மா பேச்சை மாற்றுகிறார்.

அந்தப் புகையில் ஆபத்தானது கண்ணுக்குத் தெரிகிற கருமை அல்ல. கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், தூக்கம். கடல் மயக்கத்துக்கும் இதே அடையாளங்கள் என்பதுதான் கொடுமை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால், குறிப்பாகப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலித்தால், எஞ்சினைச் சந்தேகப்படுங்கள். கடல் மயக்கம் வந்தவரைக் கேபினுக்குள் படுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வாயு பரவியிருக்கும் படகில் அதைவிட மோசமான இடம் இல்லை.

ஹோஸ் உடையாமலே கூட இது நடக்கும். படகு முன்னால் போகும்போது அதன் பின்புறம் காற்று சுழன்று ஒரு வெற்றிடம் போல உண்டாகிறது. வெளியேறிய புகையை அதுவே திரும்பப் படகுக்குள் இழுக்கும். இருபுறமும் திரை இறக்கிப் பின்புறத்தை மட்டும் திறந்து வைத்தால் நாமே அதற்குக் கதவு வைத்தது போல.

பின்புறத்தில் நீந்துவதும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் ஒரு வீட்டுப் படகின் பின்னால் நீந்திய சகோதரச் சிறுவர்கள் இருவர் இறந்தார்கள். ஜெனரேட்டரின் புகை, படகின் பின்மேடைக்கு அடியில் இருந்த இடைவெளியில் தேங்கியிருந்தது. அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் அதன்பின் அங்கே அளவெடுத்துப் பார்த்துத்தான் திறந்தவெளியிலும் இந்த வாயு கொல்லும் என்பதைப் பலரும் நம்பினார்கள். ஓடும் படகின் பின்மேடையைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டைக் கலிபோர்னியா மாநிலம் 2005 முதல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. நம் ஆற்றில் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் ஏணியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அவுட்போர்ட் எஞ்சின் வைத்த படகுகளில் ஹோஸ் கருகிப் புகை உள்ளே வரும் பயம் இல்லை. பெரும்பாலான அவுட்போர்ட்களில் புகை விசிறியின் நடுத்துளை வழியாகத் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். பக்கவாட்டில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். குளிர்விக்கும் நீர் ஓடுகிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. உப்பும் சேறும் அதை அடைத்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டால் பாதி நோய் வராது. தண்ணீர்க் குழாயைத் திறக்காமல் எஞ்சினை மட்டும் திருகிவிடக் கூடாது. கரையில் நின்றபடியே இம்பெல்லர் பொசுங்கிவிடும்.

எஞ்சின் உள்ளே இருக்கும் படகுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அண்ணன் எங்கள் படகுக்குச் செய்கிறவற்றை அருகிலிருந்து பார்த்ததில் இரண்டு மூன்று விஷயங்கள் எனக்குப் பிடித்துப்போனது. வருடத்துக்கு ஒரு முறை இம்பெல்லரைக் கழற்றுகிறார், நன்றாக இருந்தாலும் மாற்றுகிறார். கழற்றியதும் இதழ்களை எண்ணுகிறார். ஆறில் இரண்டு இல்லை என்றால் அந்த இரண்டும் எங்கோ உள்ளே குழாயில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். தேடி எடுக்காமல் புதியதைப் போட்டுப் பயனில்லை. சிறிய எஞ்சினுக்கு அந்த ரப்பர் துண்டின் விலை, பத்துப் பேர் நண்டு சாப்பிட்ட பில்லைவிடக் குறைவு.

கிளாம்ப் வாங்கும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுக்கிறார். பட்டை எவர்சில்வராக இருக்கும், திருகாணி மட்டும் மலிவான இரும்பாக இருக்கும். காந்தம் கப்பென்று பிடித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். உப்புக் காற்றில் முதலில் அறுவது அந்தத் திருகாணிதான். பெரிய ஹோஸ் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு கிளாம்ப். ஹோஸும் புகைக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை வெட்டி மாட்டிய படகையும் அவர் பார்த்திருக்கிறாராம்.

எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகாதபோது சிலர் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். எஞ்சின் ஓடவில்லை என்றாலும் பம்பு சுற்றித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் அது குழாயில் நிறைந்து, பின்வாங்கி, எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிடும். அப்படி ஒரு எஞ்சின் போனால் போனதுதான். இரண்டு மூன்று முறைக்கு மேல் திருக வேண்டி வந்தால் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட வேண்டும். ஸ்டார்ட் ஆன அடுத்த நொடி திறக்க வேண்டும், மறந்தால் ஹோஸ் கருகும்.

டீசல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆனால் புகையின் நிறம் பேசும். கறுப்பு என்றால் சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசலாக இருக்கலாம், தண்ணீர் குறைந்து நீராவியாகவும் இருக்கலாம்.

வாடகைப் படகில் போகிற நீங்கள் இதையெல்லாம் கழற்றிப் பார்க்க முடியாது. புறப்படும் முன் பின்னால் நின்று, தண்ணீர் தாராளமாக வருகிறதா என்று பார்க்க முடியும். படகோட்டியிடம், "அண்ணே, வடிகட்டி எப்போ சுத்தம் பண்ணீங்க?" என்று கேட்க முடியும். கோபித்துக்கொள்கிறவர் படகில் நான் ஏறமாட்டேன். கேபின் இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். படகுக்கென்றே செய்தவை விற்கிறார்கள்.

எங்கள் படகில் இப்போது அந்தக் கருவி இருக்கிறது, புது ஹோஸும் இருக்கிறது. எல்போவை இன்னும் கழற்றவில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே உப்பு அரித்துத் தகடு போல ஆகியிருக்கும், கழற்றினால்தான் தெரியும் என்கிறார் அண்ணன். புதியதற்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. அது வந்து மாட்டும் வரை படகு ஜெட்டியை விட்டு நகராது என்று சாவியை அவரே வைத்துக்கொண்டிருக்கிறார்.